எலும்பும் தோலுமாக ஒரு லாப்ரடார் வந்து சேர்ந்தால் என்ன செய்வது?

தாம்பரம் பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் தெருவில் சில நாட்களாக ஒரு பெண் லாப்ரடார் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ வண்டியில் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். கழுத்தில் பழைய பெல்ட், விலா எலும்பை எண்ணலாம், உடம்பெல்லாம் உண்ணி, முதுகில் முடி கொட்டிச் சொறி. நேற்று ராத்திரி மனசு கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வீட்டில் 7 வயதுப் பையன் இருக்கிறான். அடுத்து என்ன செய்ய வேண்டும்? இது தேறுமா?"

தேறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதைவிட மோசமாக வந்து, ஆறு மாதத்தில் அடையாளமே தெரியாமல் மாறிய நாய்களை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு நாயைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றும்: வயிறு முட்டச் சோறு, சோப்பு போட்டு ஒரு குளியல், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து தடவிக் கொடுப்பது. முதல் நாளில் இந்த மூன்றுமே கெடுதல். பட்டினி கிடந்த உடம்பும் பயந்து கிடந்த மனசும் அளந்து கொடுத்தால்தான் தாங்கும். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அளவைப் பற்றித்தான்.

முதலில் பையன். நாயைத் தனி அறையிலோ, குளியலறையை ஒட்டிய இடத்திலோ, மூடிய பால்கனியிலோ வையுங்கள். வெயில் அடிக்காத, காற்று வருகிற இடமாக இருக்கட்டும். முதல் சில நாட்கள் பையன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும். நாய் கெட்டது என்பதால் இல்லை. அதன் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது, வலிக்கிற இடத்தில் கை பட்டால் எந்த நல்ல நாயும் கடிக்கும். சொறியில் ஒரு வகை மனிதருக்கும் தற்காலிகமாகத் தொற்றும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்கிற லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி நாயின் மூத்திரத்தில் வரலாம். எனவே மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், பிளீச்சிங் தண்ணீரால் தரையைக் கழுவுங்கள்.

வெறிநோய் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி போட்டார்கள், போட்டார்களா என்பதே தெரியாது. வெறிநாய் கடித்திருந்தால் அறிகுறி வெளியே தெரியப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான். குரல் கரகரத்துப் போவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறுவது, காரணமில்லாமல் கண்டதையும் கடிப்பது, நடை தள்ளாடுவது: இதில் எது தெரிந்தாலும் அறையைப் பூட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது போல" என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டு ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். கூட்டி வரும்போது உங்களில் யாருக்காவது பல்லோ நகமோ பட்டுக் கீறியிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தோலுக்குள் போடும் ஊசியை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றோ நாளையோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மருத்துவரிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டியவை: எடை, காய்ச்சல், முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் சிறுநீரகச் சோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. முடிந்தால் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவும். சொந்தக்காரரை அடையாளம் காணத் தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றும்போது கவனம். குட்டியில் கட்டிய பெல்ட்டை மாற்றாமல் விட்டு, நாய் வளர வளர அது கழுத்துத் தோலுக்குள்ளேயே புதைந்து போவது உண்டு. மேலே முடி மூடியிருப்பதால் தெரியாது, கிட்டப் போனால் அழுகல் நாற்றம் மட்டும் வரும். அப்படி இருந்தால் வீட்டில் இழுக்காதீர்கள். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேலே சொன்ன வெறிநோய் அறிகுறி எதுவும் இல்லை என்றால், மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தாலோ, மஞ்சள் தட்டியிருந்தாலோ, குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ நாளை வரை பொறுக்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். அதிகம் தவறு நடக்கிற இடம் இதுதான்.

நேற்று ராத்திரியே ஏதாவது கொடுத்திருப்பீர்கள். பரவாயில்லை, இனிமேல் அளந்து கொடுங்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு சர்க்கரையை எரிப்பதை விட்டுவிட்டுத் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு சட்டி தயிர்சாதமோ, இரண்டு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்டோ உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விட, ரத்தத்தில் அவற்றின் அளவு சரசரவென்று இறங்கும். அடுத்த சில நாட்களுக்குள் நாய் துவண்டு விழும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும், சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரம் கறுத்துப் போகும், இதயம் நின்றும் போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினி மனிதர்களிடம் மருத்துவர்கள் இதையே பார்த்தார்கள். சாப்பாடு கிடைத்த பிறகு செத்தார்கள். தெருவில் கிடந்த நாயைத் தூக்கி வந்து, "நல்லாத்தான் சாப்பிட்டுச்சு, மூணாம் நாள் திடீர்னு போயிடுச்சு" என்று அழுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்.

கணக்கு எளிதுதான். நாயின் இப்போதைய எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால், சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்பது வரும். உங்கள் நாய் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இருக்கிற பெண் லாப்ரடார் 25 கிலோவுக்கு மேல் இருக்கும், இந்த நிலையில் 16 ஆச்சரியமில்லை. 16-ஐ 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் 550 கலோரி. முதல் நாள் அதில் கால்வாசி மட்டும், அதாவது ஏறக்குறைய 140 கலோரி. இரண்டு அவித்த முட்டைதான் அது! அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாள் முழு 550. நடுவில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ சோர்வோ வந்தால் ஏற்றாமல் நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். நாய் தட்டை நக்கிவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டம்தான், ஆனால் தாங்கித்தான் ஆக வேண்டும்.

என்ன கொடுப்பது? முதல் நாட்களில் மாவுச்சத்து குறைவாகவும் புரதமும் கொழுப்பும் அதிகமாகவும் இருக்க வேண்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, எலும்பு நீக்கியது. அவித்த முட்டை. மருத்துவர் பரிந்துரைக்கும் டின் உணவு கிடைத்தால் இன்னும் நல்லது. சோறு, பிஸ்கட், பிரெட், வெல்லம் போட்ட கஞ்சி எதுவும் இப்போது வேண்டாம். பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், ஆனால் வாளியோடு வைக்காமல் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பி1 வைட்டமின் ஊசியைச் சாப்பாடு ஏற்றுவதற்கு முன்பே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், தயாமின் என்று சொன்னால் புரியும். முதல் வாரம் தாண்டியதும் சோறும் காய்கறியும் மெல்லச் சேர்க்கலாம். எடை ஏற ஏற வேளைகளைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். பழைய உடம்பு திரும்ப இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அவசரமில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எப்போதும் கூடாது. காய்ச்சலடிக்கிறது என்று நம் வீட்டு பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது உண்ணி. நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் காதுமடலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்பக்க மடிப்பில் சாம்பல் நிறத்தில் கொட்டைமுத்து மாதிரி ஊதியிருப்பவை ரத்தம் குடித்த பெண் உண்ணிகள். அவற்றைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தட்டையாக ஒட்டியிருப்பவை ஆண். கால் விரல் இடுக்குகளைப் பிரித்தால் கடுகளவு குஞ்சுகள் வரிசையாக இருக்கும். ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்தால் சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடிய ஜாதி. எனவே பிடுங்கியதைத் தரையில் போட்டு நசுக்காதீர்கள், விரலாலும் நசுக்காதீர்கள். தோலை ஒட்டி டிவீசரால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். நாய் களைத்தால் விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்.

எல்லாவற்றையும் கையால் எடுத்து முடியாது, மருந்து வேண்டும். இப்போது மென்று தின்னும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் வகை. உண்ணியையும் சொறிப் பூச்சியையும் ஒன்றாகவே ஒழிக்கும். வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். விலை கூடுதல்தான், ஆனால் இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டியில் வடித்த பழைய ஆயிலை உடம்பெல்லாம் பூசுவது, மண்ணெண்ணெய் தேய்ப்பது, மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாக ஊசி போடுவது, இதையெல்லாம் இன்னும் பலர் சொல்வார்கள். ஆயிலை நாய் நக்கி விழுங்கும். வெடித்த தோல் வழியாகவும் ரசாயனம் உள்ளே போகும். ஐவர்மெக்டின் அளவு தப்பினால் நரம்பைத் தாக்கும்; கோலி என்கிற மேய்ச்சல் நாய் இனத்து ரத்தம் கலந்த நாய்க்கு உயிருக்கே ஆபத்து. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் உள்ளே கொண்டு வராதீர்கள், பூனைக்கு அது விஷம்.

உண்ணி போனாலும் அது விட்டுவிட்டுப் போன காய்ச்சல் உள்ளே இருக்கலாம். எர்லிக்கியா, பேபிசியா என்ற இரண்டு உண்ணிக் காய்ச்சல்களும் நம் ஊரில் மிகச் சாதாரணம். சாப்பாட்டில் ஆர்வமில்லாமை, விட்டு விட்டு வரும் காய்ச்சல், வெளுத்த ஈறு, தட்டணுக்கள் குறைவது, இவையெல்லாம் அதன் அடையாளம். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் தருவார்கள். ஒரு வாரத்திலேயே நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும், "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள், அப்புறம் மாதங்கள் கழித்து அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்துத் திரும்பி வரும். 28 என்றால் 28. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம், உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சாப்பாட்டோடு கொடுத்து மேலே தண்ணீரும் குடிக்க வையுங்கள். பேபிசியாவுக்கு மருந்து வேறு, அதிலும் எந்த வகை என்பதைப் பொறுத்து மாறும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்யாமல் "உண்ணிக் காய்ச்சல்" என்று பொதுவாக மருந்து எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது.

முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம் என்றேன். ரத்தமும் கொழுப்பும் குறைந்த நாய்க்குக் குளிர் சட்டென்று ஏறும், பயமும் கூடும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று நாலு நாள் போய், சாப்பாடு தங்க ஆரம்பித்த பிறகு, நல்ல வெயில் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் மருத்துவர் சொல்லும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டலாம். சொறி எந்த வகை என்று தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சார்காப்டிக் என்றால் நமக்கும் அரிக்கும். டெமோடெக்ஸ் என்றால் நமக்குத் தொற்றாது. நாய்க்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது. உடம்பில் எங்காவது ஓட்டையும் நாற்றமும் இருந்தால் புழு வைத்த புண்ணாக இருக்கலாம். வால் அடி, காதுக்குப் பின்னால், ஆசனவாய்ப் பக்கம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

பெண் நாய் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். பால்காம்புகள் நீண்டு தொங்கினால் இதைக் குட்டி போட வைத்துக் குட்டிகளை விற்றிருக்கிறார்கள், இனிமேல் போடாது என்றானதும் கொண்டு வந்து விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர ஓரங்களில் விடப்படும் ஜாதி நாய்களில் இப்படிப்பட்டவை நிறைய. நினைத்தால் வயிறு எரிகிறது. கருத்தடை செய்யாத நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் கோப்பதைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் அதிகம் குடிப்பது, வாந்தி, வயிறு உப்புசம், பின்பக்கம் நாற்றத்தோடு கசிவு. இது அவசர அறுவை சிகிச்சை, தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்துகொண்டே இருந்தால் "பருவத்துக்கு வந்திருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். இணைசேரும்போது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றுகிற ஒரு புற்றுக்கட்டி உண்டு, தெருவில் இது மிக சகஜம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்கள் ஏற்றினால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும். புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்டுப் பயந்து கைவிடாதீர்கள்.

குடற்புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி எதை எப்போது என்பதை மருத்துவர் நாயின் நிலை பார்த்து முடிவு செய்வார். காய்ச்சல் இருக்கும்போது கட்டாயப்படுத்தாதீர்கள். கருத்தடை அறுவை சிகிச்சை எடை ஏறி, தட்டணுக்கள் சரியான பிறகு. வீட்டில் வேறு நாய் இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். தட்டு, துணி, கயிறு எல்லாம் தனி.

இனி மனசு. மருந்து மாத்திரைகளைவிட இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

முன்பு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு என்னிடம் வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு முழச் சங்கிலியில் வருடக்கணக்காகக் கட்டிக் கிடந்த நாய். சங்கிலியைக் கழற்றி முற்றத்தில் விட்டேன். அது ஓடவில்லை. இரண்டு அடி நடந்தது, திரும்பியது, மறுபடி இரண்டு அடி, திரும்பியது. இல்லாத சங்கிலியின் நீளத்துக்கு அரைவட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. சிமெண்ட் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் முன்னங்காலை வைத்து வைத்து எடுத்தது. கோழிக்கறித் துண்டை ஒரு சாண் தள்ளிப் போட்டால் கழுத்தை நீட்டி எடுக்கும், இரண்டு சாண் தள்ளிப் போட்டால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு நாளும் துண்டை இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் காலையில் காக்கை ஒன்று இறங்கியதும் அதைத் துரத்திக்கொண்டு முற்றத்தின் கோடி வரை ஓடிவிட்டது. ஓடிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது போல, அப்படியே திகைத்து நின்றது.

உங்கள் நாய்க்கும் முதல் மூன்று நாள் அநேகமாக ஒன்றுமே புரியாது. நாள் பூராவும் தூங்கும், அல்லது கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். சிலது ரொம்பச் சாதுவாக, எதற்கும் எதிர்ப்பே காட்டாமல் இருக்கும். "எவ்வளவு நல்ல நாய்" என்று தோன்றும், ஆனால் அது பயத்தில் உறைந்து போன நிலையாக இருக்கலாம். அதற்கென்று ஒரு மூலை கொடுங்கள், கீழே கோணியோ பழைய போர்வையோ விரியுங்கள். அந்த மூலைக்குள் இருக்கும்போது யாரும் தொடுவதில்லை என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில், தரையில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். அடி வாங்கிய நாய்க்கு மேலிருந்து வருகிற கை என்றால் அடிதான். அது வந்து மோந்து பார்த்தால் மார்பிலோ தாடைக்கு அடியிலோ மெல்ல வருடி நிறுத்துங்கள். நிறுத்தியதும் அது இன்னும் நெருங்கினால் தொடருங்கள், விலகினால் விட்டுவிடுங்கள். கேட்காமல் தொடுவதில்லை என்பதை நாய் புரிந்துகொள்ளும் வேகம் ஆச்சரியமானது.

உதட்டை நக்கிக்கொள்வது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, வாலை வயிற்றோடு ஒடுக்குவது எல்லாம் "போதும், தள்ளிப் போ" என்று நாய் சொல்வது. அதைக் கேட்காவிட்டால் உறுமும். உறுமினால் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமுவதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பட்டினி கிடந்த நாய் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் யாரையும் விடாது, அது இயல்பு. தட்டைப் பிடுங்கிப் பார்த்து "பழக்குவது" பெரிய தவறு. தூரத்தில் நடந்து போகிற போக்கில் ஒரு நல்ல கறித்துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நீங்கள் வந்தால் தட்டில் கூடுகிறது, குறைவதில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். பையனிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. சில வாரங்கள் கழித்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, அவன் கையிலிருந்து துண்டுகளைத் தரையில் உருட்டிவிடட்டும். சிநேகம் அங்கிருந்து ஆரம்பிக்கும்.

குக்கர் விசில், மிக்ஸி, மின்விசிறி, மாடிப்படி, வழுக்கும் டைல்ஸ், இவையெல்லாம் வெளியிலேயே கட்டிக் கிடந்த நாய்க்குப் புதுசு. முதல் நாட்களில் விசில் சத்தம் வரும் நேரத்தில் அதற்குப் பிடித்த துண்டைப் போடுங்கள். ஒன்றுக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கி எழுந்ததும் கூட்டிப் போங்கள். வெளியே போனால் பாராட்டி ஒரு துண்டு. உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கை அதில் தேய்ப்பதெல்லாம் கொடுமை, அதனால் எந்தப் பயனும் இல்லை. தனியாக விட்டால் அலறும் என்றால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்து பழக்குங்கள். ஒரேயடியாக எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

வெளியே கூட்டிப் போகும்போதுதான் நிறைய நாய்கள் தொலைகின்றன. சத்தம் கேட்டு மிரண்டு பின்பக்கமாக இழுத்தால் பெல்ட் தலை வழியே கழன்றுவிடும். அதனால் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்து பெல்ட் ஒன்று, இரண்டிலும் கயிறு. தெரு நாய்களுக்கு உங்கள் நாய் அந்நியம். வீட்டில் வளர்ந்த நாய்க்கு எல்லை பற்றிய தெரு வழக்கம் தெரியாது, கடி வாங்கும். அவை ஒதுங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். தீபாவளி சமயம் என்றால் பகலிலேயே வெளி வேலையை முடித்து, ராத்திரி ஜன்னலை மூடி மின்விசிறியை வேகமாக ஓட விடுங்கள்.

ஒருவேளை யாரோ தொலைத்த நாயாகவும் இருக்கலாம், எனவே சிப் இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்து வாட்ஸப் குழுக்களில் போடுங்கள். படத்தில் முகம் மட்டும் போதும். "என் நாய்" என்று வருபவரிடம் பழைய படம், தடுப்பூசி அட்டை, நீங்கள் வெளியிடாத ஏதாவது ஓர் அடையாளம் கேளுங்கள். குட்டி போட வைக்க இனத்து நாயைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். யார் விட்டது என்று சிசிடிவியில் வண்டி எண்ணோடு தெரிந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பட்டினியால் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வெட்கக்கேடு. ஆனாலும் பதிவாக வேண்டும், அதே ஆள் அடுத்த நாயைக் கொண்டு வந்து விடுவதற்கு முன்னால்.

எல்லாம் செய்தும் சில நாய்கள் தேறாது. டிஸ்டெம்பர் மூளைக்கு ஏறி வலிப்பு நிற்காமல் வந்தால், சிறுநீரகம் முழுதாகப் போய்விட்டிருந்தால், மருத்துவர் கருணைக்கொலை பற்றிப் பேசலாம். அதைக் கேட்பதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நீங்களே வைத்துக்கொள்ள முடியாது என்றால் இன்றைக்கே எந்தக் காப்பகத்திலும் கொண்டு விட வேண்டாம். 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கிண்டியில் இயங்குகிறது. ஆலோசனைக்கும் அவசரத்துக்கும் அவர்களைப் போன்றவர்களை அணுகலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தியில்லாத நாயை நெரிசலான எந்தக் காப்பகத்தில் விட்டாலும் அங்கிருக்கும் தொற்றை அது தாங்காது. உடம்பு தேறி, தடுப்பூசியும் கருத்தடையும் முடியும்வரை வைத்திருந்து, பிறகு தத்துக் கொடுங்கள். கருத்தடைக்கு முன்னால் லாப்ரடாரை யாருக்கும் கொடுக்காதீர்கள். வருபவர் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்: நாய் எங்கே படுக்கும், பகலில் யார் இருப்பார்கள், வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா, இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் கொடுக்காதீர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்பதால் அதைப் புதியவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். "வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெல்ட்டில் அவர் எண்ணோடு உங்கள் எண்ணையும் சேர்த்துப் பொறித்து அனுப்புங்கள். புது வீட்டிலிருந்து நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான்.